உதிரி மாறுமா, கார் மாறுமா? இரண்டு தீர்ப்புகளும் தூத்துக்குடிக் கரையும்

குறையுள்ள காரை வாங்கிவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவரின் வக்கீல் ஒரு தீர்ப்பைக் காட்டுவார். கம்பெனியின் வக்கீல் இன்னொரு தீர்ப்பைக் காட்டுவார். இரண்டுமே உச்ச நீதிமன்றம் சொன்னவை. ஒன்று, 2006 மார்ச்சில் மாருதி உத்யோக் நிறுவனத்தின் மேல்முறையீட்டில் வந்தது. மற்றது, 2022 ஏப்ரல் 20 அன்று ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனத்தின் மேல்முறையீட்டில் வந்தது. குறையுள்ள உதிரியை மாற்றிக் கொடுத்தால் போதும், முழுக் காரையும் மாற்றச் சொல்வது பொருந்தாது என்றது முதலாவது. காரையே மாற்றிக் கொடு, நட்ட ஈடும் கொடு என்று டெல்லியில் பிறந்த ஆணையை நிலைநிறுத்தியது இரண்டாவது. பின்னது முன்னதை ரத்து செய்யவில்லை. இரண்டும் இன்றும் செல்லுபடியாகும் தீர்ப்புகள்.

இடைப்பட்ட பதினாறு ஆண்டில் நீதிமன்றம் நுகர்வோர் பக்கம் திரும்பிவிட்டது என்று இதை வாசிக்கிறவர்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு வழக்குகளிலும் நேர்ந்த கேடே வேறு வேறு. முதல் வழக்கில் கெட்டது கார். இரண்டாவதில் அடிபட்டது ஆள். அடிபட்டவர் சொல்வதைச் சட்டம் உடனே கேட்கிறது. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் பஸ்ஸில் போய் வருகிறவர் சொல்வதை மெதுவாகத்தான் கேட்கிறது. எந்த ஊரிலும் இந்த இரண்டாம் வகை ஆட்கள்தான் அதிகம். என் கவலை அவர்களைப் பற்றியது.

மாருதி வழக்கு ஜம்மு காஷ்மீரில் எழுந்தது. அங்கே அப்போது மாநிலத்துக்கென்று தனி நுகர்வோர் சட்டம் நடப்பில் இருந்தது. உள்ளடக்கத்தில் அது 1986 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை ஒட்டியதே. வாரண்டிக் காலத்துக்குள்ளேயே கார் தொல்லை கொடுத்தது என்று வாங்கியவர் முறையிட்டார். காரை மாற்றிக் கொடுக்கும்படி கீழே உத்தரவு பிறந்தது. உச்ச நீதிமன்றம் வாரண்டி ஏட்டின் வாசகத்தைப் பார்த்தது. குறை என்று தெரிந்த உதிரியைப் பழுது பார்ப்பது அல்லது மாற்றுவது, இவ்வளவுதான் கம்பெனி ஏற்றுக்கொண்ட கடமை என்று அந்த ஏடு சொன்னது. எனவே பல உதிரிகளில் குறை நிறுவப்பட்டாலும் முழுக் காருக்குப் பதில் கார் கொடுக்கச் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இந்த முடிவில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு காரில் ஆயிரக்கணக்கான உதிரிகள் இருக்கின்றன. கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் கெட்டதற்கெல்லாம் புதுக் கார் கேட்டால் எந்தத் தொழிலும் நடக்காது. அந்தச் செலவு கடைசியில் மற்ற வாடிக்கையாளர் தலையில்தான் விழும். ஆனால் நியாயத்தை வாரண்டி ஏட்டில் தேடியதுதான் எனக்கு ஒப்பவில்லை. வாரண்டி, கம்பெனி தானே எழுதிக்கொண்ட வாக்கு. அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் வாங்குகிறவருக்கு ஒரு சொல்கூடப் பங்கில்லை. 1986 சட்டத்தின் 14 ஆம் பிரிவோ குறையை நீக்கச் சொல்லலாம், பொருளை மாற்றச் சொல்லலாம், விலையைத் திருப்பித் தரச் சொல்லலாம், நட்ட ஈடு விதிக்கலாம் என்று எல்லா வழிகளையும் திறந்து வைத்திருந்தது. இந்தச் சட்டம் மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலானது, எதையும் குறைப்பதல்ல என்று 3 ஆம் பிரிவு தனியாகவும் சொன்னது. சட்டம் கொடுத்த அதிகாரத்தைக் கம்பெனியின் வாரண்டி வாசகத்துக்குள் சுருக்கியதன் பலனை வாங்கியவர்கள் இன்றுவரை அனுபவிக்கிறார்கள். கம்பெனிகள் தாக்கல் செய்யும் எழுத்துப் பதில்களில் இந்த 2006 தீர்ப்பு வழக்கமாக இடம் பெறுகிறது.

நடுவில் 2010 இல் பியட் கார் வழக்கு ஒன்று வந்தது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எஞ்சினில் சத்தம் என்பது புகார். சத்தம் கேட்கிறது என்பதை மட்டும் வைத்து உற்பத்திக் குறை என்று சொல்லிவிட முடியாது என்று நீதிமன்றம் கருதியது. ஆனால் சார்பில்லாத தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் பரிசோதித்து, காரின் பிறப்பிலேயே குறை இருக்கிறது என்று சொன்னால், விலை, ஆயுள்கால வரி, கட்டிய தவணை எல்லாவற்றையும் 12 சதவீத வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. ஆகவே 2006 க்குப் பிறகும் கதவு முழுக்க அடைபடவில்லை. வல்லுநர் அறிக்கை கையில் இருந்தால் உதிரியைத் தாண்டிப் போகலாம்.

ஹூண்டாய் வழக்குக்கு வல்லுநர் அறிக்கை தேவைப்படவே இல்லை. 2015 ஆகஸ்ட் 21 அன்று ஒருவர் கிரெட்டா கார் வாங்கினார். முன்பக்கம் இரண்டு ஏர்பேக் உள்ள கார். 2017 நவம்பர் 16 அன்று டெல்லி பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து நடந்தது. ஏர்பேக் விரியவில்லை. அவருக்குத் தலையிலும் மார்பிலும் பல்லிலும் காயம். டெல்லி மாநில ஆணையம் மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் 2 லட்சம் ரூபாய், மன உளைச்சலுக்கு 50,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. காரையும் மாற்றித் தரச் சொன்னது. தேசிய ஆணையம் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் வினீத் சரண், அனிருத்தா போஸ் அமர்வு முன் கம்பெனி வைத்த வாதம் இது: இவ்வளவு விசையில், இந்தக் கோணத்தில் முன்பக்கம் மோதினால்தான் ஏர்பேக் விரியும். இந்த விபத்தில் அப்படி மோதியது என்பதற்கு வல்லுநர் சாட்சி இல்லை.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேகத்தையும் விசையையும் வைத்து மோதலின் தாக்கத்தைக் கணக்கிட, கார் வாங்குகிறவர் இயற்பியல் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை என்றது. முன்பக்கம் நசுங்கிய காரின் புகைப்படங்கள் இருந்தன. நடந்ததே சாட்சி சொல்லும்போது தனியாக நிரூபிக்கச் சொல்லத் தேவையில்லை என்ற பழைய சட்டக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டது. பாதுகாப்புக்கென்று விற்ற ஒன்று பாதுகாக்காமல் போனால், மற்றவர்களும் பயப்படும்படி தண்ட நட்ட ஈடு விதிக்கலாம், அதைக் கணக்கிடும்போது கம்பெனியின் பொருள் பலத்தையும் பார்க்கலாம் என்ற கருத்தும் அதில் இருக்கிறது.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கேள்விதான் நடுவில் நிற்கிறது: நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு? உற்பத்திக் குறை என்று சொல்கிறவர் அதை வல்லுநர் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும் என்று தேசிய ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது. 2022 இல் ஏர்பேக் விஷயத்தில் அந்தச் சுமை கம்பெனி பக்கம் நகர்ந்தது. கியர்பாக்ஸ் விஷயத்தில் நகர்ந்ததா? இல்லை.

இது ஏன் தவறு என்று சொல்ல இந்தக் கரையின் பழைய வியாபாரம் ஒன்றே போதும். தூத்துக்குடி முத்துக்குளிப்பில் சிப்பியைத் திறக்காமலேயே ஏலம் விட்டார்கள். குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று ஏலத்துக்குப் போனது. எடுத்தவர் சிப்பிகளை அழுகவிட்டு, கழுவிப் பார்த்தபோதுதான் உள்ளே முத்து இருக்கிறதா என்று தெரிந்தது. ஒன்றும் கிடைக்காமல் போனால் யாரிடமும் கேட்க முடியாது. அது அநியாயம் என்று யாரும் நினைக்கவும் இல்லை. ஏனென்றால் விற்ற அரசுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இரண்டு பக்கமும் அறியாமை சமம். அந்த வியாபாரத்தில்கூட, குளிப்பை அறிவிப்பதற்கு முன் சிப்பி விளையும் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகள் எடுத்து, கிடைத்த முத்தை வியாபாரிகளை வைத்து மதிப்பிட்டு, ஆயிரத்துக்கு எவ்வளவு தேறும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் இருந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு அந்த வியாபாரம் இங்கே முடிந்துபோயிற்று.

கார் வியாபாரத்தில் அந்தச் சமம் கிடையாது. வரைபடம் கம்பெனியிடம். சோதனை முடிவுகள் கம்பெனியிடம். அதே மாடலில் நாடு முழுக்க எத்தனை பேர் அதே கியர்பாக்ஸ் பற்றிப் புகார் கொடுத்தார்கள் என்ற கணக்கும் கம்பெனியிடம். வாங்கியவரிடம் இருப்பது சாவியும் ரசீதும். தெரிந்தவரிடம் கேட்காமல் தெரியாதவரை நிரூபிக்கச் சொல்வது, எந்த வழக்கிலும் அரைவாசித் தோல்வியை முன்கூட்டியே எழுதிவிடுவதாகும்.

இனி, 1986 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019 நுகர்வோர் சட்டத்துக்கு வருவோம். 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு, 82 முதல் 87 வரையான பிரிவுகள். உற்பத்தியில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன அளவுகளிலிருந்து விலகல், வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறுபாடு, போதிய எச்சரிக்கை இல்லாமை, இவற்றில் எது இருந்தாலும் உற்பத்தியாளர் பொறுப்பு. உத்தரவாதம் கொடுத்ததில் கவனக்குறைவோ மோசடியோ இல்லை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. இதைப் படித்ததும், இனி 2006 தீர்ப்புக்கு வேலை இல்லை என்று எண்ணத் தோன்றும். பலர் அப்படி எழுதியும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த அத்தியாயத்தைத் தொடும் முன் 2 ஆம் பிரிவின் 22 ஆம் உட்பிரிவைப் படிக்க வேண்டும். கேடு என்றால் என்ன என்று சட்டம் அங்கே வரையறுக்கிறது. உயிருக்கு, உடலுக்கு, மற்றச் சொத்துக்கு நேர்வது கேடு. அந்தப் பொருளுக்கே நேர்ந்தது கேடு அல்ல. வாரண்டி நிபந்தனை மீறியதால் சொத்துக்கு நேர்ந்த சேதமும், வணிக இழப்பும் பொருளாதார இழப்பும் கணக்கில் வராது. அதாவது கார் கெட்டுப்போனதற்கு, அது மட்டுமே கெட்டதற்கு, பொருள் பொறுப்பு அத்தியாயம் உதவாது. கார் உங்களைக் காயப்படுத்தினால் உதவும். 2006 க்கும் 2022 க்கும் நடுவே இருந்த பிளவை நீதிபதிகள் தங்கள் அறிவால் உணர்ந்தார்கள் என்றால், நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. ஹூண்டாய் வழக்குக்காரரைப் போன்றவருக்கு இன்று 1986 இல் இல்லாத ஒரு வலுவான அத்தியாயம் துணை நிற்கிறது. மாருதி வழக்குக்காரரைப் போன்றவருக்குப் பழைய 14 ஆம் பிரிவேதான், 39 ஆம் பிரிவு என்று எண் மாறி நிற்கிறது.

அவருக்குப் புதுச் சட்டத்தில் ஒரு வழி திறந்திருக்கிறது, அதிகம் பேர் தொடாத வழி. நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு கருத்தை 2019 சட்டம் கொண்டுவந்தது. வாங்குபவருக்குப் பாதகமாக, நியாயமில்லாத நிபந்தனை விதிப்பது அதில் அடங்கும். உதிரி மட்டும்தான், எத்தனை தடவை கெட்டாலும் உதிரி மட்டும்தான் என்று எழுதிய வாரண்டி நிபந்தனை நியாயமானதா என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை இருக்கிறது. யாராவது ஒருவர் இந்த வழக்கைத் துணிந்து நடத்தினால் 2006 தீர்ப்பின் அடிப்படையையே சோதித்துப் பார்த்ததாக இருக்கும்.

தூத்துக்குடி மாவட்டம் 1986 அக்டோபர் 20 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. நுகர்வோர் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தது அதே ஆண்டு டிசம்பர் 24. இரண்டும் ஒரே வயது. ஆனால் பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு தொழில் செய்யும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். மதுரை ஷோரூமில் வண்டி எடுத்த திருச்செந்தூர்க்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதுரைக்கு அலைந்தார். இப்போது 34 ஆம் பிரிவின்படி அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் 5 லட்சம் வரை கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். குறை வெளிப்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க நேரும். 2006 இல் இருந்த வாங்குநருக்கும் இன்றைய வாங்குநருக்கும் நடுவே உண்மையான முன்னேற்றம் இங்கேதான் நடந்திருக்கிறது. தீர்ப்பில் வந்த மாற்றத்தைவிட இது பெரியது என்பேன்.

ஆணையத்தின் கதவு பக்கத்தில் வந்துவிட்டது. வல்லுநர் வரவில்லை. சோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், 45 நாளில் அறிக்கை வரவேண்டும், செலவைப் புகார்தாரர் முன்கூட்டிக் கட்டவேண்டும் என்கிறது 38 ஆம் பிரிவு. எண்ணெய் டப்பாவையோ மாத்திரை அட்டையையோ அரக்கு முத்திரை வைத்து அனுப்பலாம். காரை எங்கே அனுப்புவது? அதனால் மோட்டார் வாகன ஆய்வாளரையோ பொறியியல் கல்லூரி இயந்திரவியல் பேராசிரியரையோ நியமிக்கும்படி கேட்கிறார்கள். தூத்துக்குடியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் வ.உ.சி. பொறியியல் கல்லூரி இருக்கிறது. புகார் மனுவோடு சேர்த்தே வல்லுநர் நியமன மனுவையும் கொடுத்துவிடுவது நல்லது. வாரண்டிக் காலம் போய், வண்டி மேலும் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்க்கிற வல்லுநரால் பிறப்பிலேயே உள்ள குறையையும் தேய்மானத்தையும் பிரித்துச் சொல்வது கடினம். அந்தச் சந்தேகத்தின் பலன் கம்பெனிக்குப் போய்விடும்.

இந்தக் கடற்கரையில் அந்தச் சந்தேகத்துக்கு இன்னொரு பெயர் உண்டு: உப்பு. வேம்பாரிலிருந்து திருச்செந்தூர் வரை உப்பளங்கள். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகம் உப்பு விளைவது இங்கேதான். முத்தையாபுரத்திலோ முள்ளக்காட்டிலோ வாசலில் நிற்கும் காரின் மேல் கடற்காற்றும் உப்புப் படிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து விழும். கதவின் அடிவிளிம்பில் துரு வந்தது என்று ஷோரூமில் போய் நின்றால் முதல் பதில், இது உப்புக்காற்று, வாரண்டியில் வராது என்பதுதான். பல வாரண்டி ஏடுகளில் உப்பும் தொழிற்சாலைப் புகையும் விலக்குகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒயரிங், சென்சார் கோளாறுகளுக்கும் இதே பதில் வரும்.

இந்தப் பதிலை அப்படியே ஏற்கக்கூடாது. குறை என்பதற்குச் சட்டம் கொடுக்கும் வரையறை அகலமானது. சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரத்தில் குறைவது மட்டும் குறை அல்ல. விற்கிறவர் எந்த வகையிலாவது உரிமை கோரிய தரத்தில் குறைவதும் குறையே. துருவைத் தடுக்கும் பூச்சு என்று விளம்பரம் செய்து, கடற்கரை நகரத்தில் ஷோரூம் திறந்து, கடற்கரைக்காரருக்கே விற்றுவிட்டு, காற்றில் உப்பு இருக்கிறது என்று சொல்வது சரியான விடை ஆகாது. அந்தக் காற்று கம்பெனிக்கு முன்பே தெரியும். வல்லுநரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே பிறக்கிறது. கல் பட்டுச் சுரண்டிய இடத்தில் துரு தொடங்கியதா, அல்லது வெல்டிங் இணைப்புக்குள், பூச்சு போயிருக்க வேண்டிய இடத்தில் உள்ளிருந்து தொடங்கியதா? அதே தெருவில் அதே வயதுள்ள மற்ற வண்டிகள் எப்படி இருக்கின்றன? இந்த இரண்டு கேள்விக்கும் எழுத்தில் விடை வாங்கிவிட்டால் உப்பு என்ற ஒற்றைச் சொல் வழக்கை விழுங்காது.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹூண்டாய் வழக்கை வென்று கொடுத்ததில் புகைப்படங்களுக்குப் பங்கு இருந்தது. விபத்து நடந்தால் வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் படம் எடுப்பதும், ஆய்வு முடியும் வரை ஏர்பேக் தொகுப்பை மாற்ற விடாமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம். விபத்தில்லாத வழக்கில் அந்த இடத்தை ஒர்க்‌ஷாப் எழுதும் ஜாப் கார்டு நிரப்புகிறது. ஒவ்வொரு முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதும் நீங்கள் சொன்ன குறையை உங்கள் சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பொதுச் சோதனை என்று எழுதிவிட்டு வண்டியை உள்ளே எடுத்துக்கொள்ள விடாதீர்கள். வண்டியை எடுக்க வரும்போது திருப்தி என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். குறை தீரவில்லை என்றால் அங்கேயே அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரே குறைக்கு ஆறு ஜாப் கார்டு இருந்தால், உதிரி மாற்றம் பலிக்கவில்லை என்பதைக் கம்பெனியின் சொந்த ஏடே சொல்லிவிடும். 2006 தீர்ப்பை எதிர்கொள்ள இதைவிட நல்ல ஆவணம் இல்லை என்பது என் எண்ணம்.

துறைமுக ஊரில் இன்னொரு தடை அடிக்கடி வரும்: நீங்கள் நுகர்வோரே அல்ல, வணிகத்துக்கு வாங்கினீர்கள் என்பது. இதற்கு 1995 இல் கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வரம்பு சொல்லிவிட்டது. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோக்காரரும் லாரிக்காரரும் நுகர்வோர்தான். பத்து டிரைலர் வாங்கி ஆள் வைத்து ஓட்டுகிறவர் அந்த வரம்புக்குள் வரமாட்டார். கம்பெனி பெயரில் வாங்கிய கார் என்றால்? 2024 ஜூலை 9 அன்று டெய்ம்லர் கிரைஸ்லர் வழக்குகளில் இதற்கு விடை கிடைத்தது. இயக்குநர்களின் சொந்தப் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய காரை, நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் வணிகத்துக்கு வாங்கியதாகக் கொள்ள முடியாது. அந்த வழக்குகளில் ஒன்று ஏர்பேக் பற்றியது. ஏர்பேக் எப்போது விரியும், எப்போது விரியாது என்பதை வாங்கியவரிடம் முழுமையாகச் சொல்லாததும் தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டது. உப்பு ஏற்றுமதி நிறுவனமோ ஷிப்பிங் ஏஜென்சியோ முதலாளிக்கு வாங்கிய காருக்கு இந்தத் தீர்ப்பு துணை நிற்கும்.

டீலரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்க வேண்டும். 2009 இல் தயாரான வண்டியை 2011 மாடல் என்று விற்ற கோவா வழக்கில், டீலர் செய்ததற்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2021 இல் டாடா மோட்டார்ஸ் வென்றது. யாருக்கு எந்தத் தவறு என்று புகாரில் தனித்தனியாக எழுதாவிட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

நம் சட்டத்தில் இல்லாதது ஓர் எண்ணிக்கை. எத்தனை முறை பழுது பார்த்தால் போதும்? எத்தனை நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் போதும்? அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982 இலேயே இதற்கு விடை சொன்னது: ஒரே குறைக்கு நான்கு முறை, அல்லது மொத்தம் 30 நாள். பிரிட்டனில் 2015 சட்டப்படி முதல் 30 நாளில் பொருளை நிராகரிக்கலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்ட குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். ஒரு தடவை பழுது பார்த்தும் தீராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் அதே ஆறு மாத அனுமானம் நடைமுறையில் இருக்கிறது, பழைய கார்களுக்கும் சேர்த்து. அங்கெல்லாம் கியர்பாக்ஸ் கெட்டவர் இயற்பியலும் படிக்க வேண்டாம், வல்லுநரையும் தேட வேண்டாம். ஜாப் கார்டுகளை எண்ணிக் காட்டினால் போதும். இந்த ஒரு விதி இந்தியச் சட்டத்தில் வந்தால் 2006 தீர்ப்பும் 2022 தீர்ப்பும் ஒன்றோடொன்று மோதத் தேவையில்லாமல் போகும்.

தூத்துக்குடிக்கு இது இப்போது கூடுதல் அவசரம். சில்லாநத்தம் சிப்காட்டில் 2024 பிப்ரவரி 25 அன்று அடிக்கல் நாட்டிய வியட்நாமின் வின்பாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்ட் 4 அன்று மின்சாரக் கார் ஆலையைத் திறந்தது. முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 50,000 கார், பிறகு 1,50,000 வரை. அந்த நிறுவனத்தின் வண்டிகள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. கார் வாங்கும் ஊராக மட்டும் இருந்த ஊர் கார் செய்யும் ஊராகிவிட்டதால் சட்டத்தில் நிகழும் மாற்றத்தைச் சொல்கிறேன். மற்றவர் செய்த பாகங்களைக் கோத்துக் கார் ஆக்குகிறவரும் 2019 சட்டத்தின்படி உற்பத்தியாளரே. எதிர்த்தரப்பு தொழில் செய்யும் இடத்தில் புகார் கொடுக்கும் உரிமையும் 34 ஆம் பிரிவில் தொடர்கிறது. ஆகவே குவாஹாட்டியிலோ சூரத்திலோ கார் வாங்கியவர், விரும்பினால் தூத்துக்குடி மாவட்ட ஆணையத்தின் முன்னும் நிற்கலாம். மின்சாரக் காரில் கேள்விகளும் வேறு: பேட்டரியின் கொள்ளளவு குறைந்தது தேய்மானமா, குறையா? மென்பொருள் மாற்றிய பிறகு வண்டி ஓடும் தூரம் குறைந்தால் அது எந்த வகைக் குறை? இதைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் யார், எந்தக் கருவியோடு, எவ்வளவு கட்டணத்தில் என்ற பட்டியல் ஆணையத்திடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். அதைத் தயாரிக்கச் சொல்லி நுகர்வோர் அமைப்புகள் இப்போதே மனுக் கொடுக்கலாம். முதல் வழக்கு வந்த பிறகு கேட்டால், அந்த ஒரு வழக்குக்காகக் கேட்டதாகவே கம்பெனியின் வக்கீல் வாதிடுவார்.